பேயைக் காட்டாதீங்க பாஸ்!

வெள்ளைப் புடவை ஒண்ணு. முகத்துக்கு அரை டப்பா பவுடர். கண்ணுக்குக் கீழே அப்பிய மை. டிராமா டீமிடம் கெஞ்சி வாங்கிய ஓசி விக் ஒண்ணு. இவ்வளவையும் எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தி மேலே ஏத்தி, இருட்டு காரிடாரில் நிறுத்தி, ஏழு நிமிஷப் பேய்ப் படம் எடுத்தோம். போன வருஷம் காலேஜ் கல்ச்சுரல்ஸில் திரையிட்டார்கள். க்ளைமாக்ஸ். பேய் மெதுவாகத் திரும்பி, கேமராவைப் பார்த்து வாயைப் பிளந்தது. மொத்த ஆடிட்டோரியமும்...

சிரித்தது!

சும்மா 'ஹிஹி' இல்லை மக்களே, சீட்டைத் தட்டிச் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்து ஒருத்தன், "சிஸ்டர், விக் நழுவுது!" என்று குரல் கொடுத்தான். அதற்குத் தனியாகக் கைத்தட்டல். படத்தின் கதை, டைரக்‌ஷன், எடிட்டிங் மூணும் அடியேன் என்பதால், டைட்டில் கார்டு ஓடி முடிவதற்குள் சைடு கதவு வழியாக எஸ்கேப்.

அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் என் ரூம்மேட் ஆறுதல் சொல்ல வந்தான். "படம் மொக்கைதான் மச்சி, இல்லைன்னு சொல்லலை. ஆனா பேய் வர்றதுக்கு முன்னாடி காரிடார்ல லைட் ஆஃப் ஆச்சு பாரு, அப்ப ஒரு பத்து செகண்ட் எனக்குப் பக்குனு இருந்துச்சு. பேய் வந்ததும்தான் நிம்மதி ஆச்சு!"

பேயைப் பார்த்ததும் நிம்மதி! திட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். அந்தப் பத்து செகண்டில் நாங்கள் தெரியாமல் எதையோ சரியாகச் செய்திருக்கிறோம். அது என்ன? செமஸ்டர் லீவு முழுக்க ஒரு நோட்டுப் புத்தகமும் ஹெட்போனுமாக உட்கார்ந்து பேய்ப் படமாகப் பார்த்துத் தள்ளினேன். 'பையனுக்கு ஏதாவது மந்திரிக்கணுமா' என்று அம்மா கவலைப்படுகிற அளவுக்கு! (கீழே சில படங்களின் காட்சிகளைச் சொல்லப் போகிறேன். க்ளைமாக்ஸை உடைக்க மாட்டேன், பயப்படாதீங்க.)

முதலில் நோட்டில் ஏறியது 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'. 2007-ல் முதலில் திரையிட்டது, 2009-ல்தான் பெரிய அளவில் தியேட்டருக்கு வந்தது. எடுத்தவர் ஓரென் பெலி. வீடியோ கேம் புரோகிராமராக இருந்தவர், சினிமா எல்லாம் படித்தது கிடையாது. நம்ம ஆளு! சொந்த வீட்டிலேயே, ஏறக்குறைய 15,000 டாலர் செலவில், ஒரு வாரத்தில் ஷூட்டிங்கை முடித்தார். உலகம் முழுக்க அது வசூல் செய்தது 19 கோடி டாலருக்கு மேல். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு 'என்ன பண்ணப் போறே' என்று கேட்கிற மாமாக்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்களேன்.

படத்தில் ஒரே ஒரு ஷாட் திரும்பத் திரும்ப வரும். பெட்ரூமில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வீடியோ கேமரா. வலது பக்கம் கட்டிலில் புருஷன் பெண்டாட்டி மாதிரி வாழ்கிற ஒரு ஜோடி தூங்குகிறது. இடது பக்கம் ரூம் கதவு திறந்து கிடக்கிறது. கதவுக்கு வெளியே இருட்டு. மூலையில் ஓடுகிற கடிகார எண்கள் கடகடவென்று வேகமாக ஓடும். திடீரென்று வேகம் குறைந்து, சாதாரணமாக ஓட ஆரம்பிக்கும்.

அவ்வளவுதான். அந்த நொடியில் உங்கள் முதுகு தானாக நிமிரும். எண்கள் மெதுவாகிவிட்டன என்றால் ஏதோ நடக்கப் போகிறது. எங்கே? கதவிலா, போர்வையிலா, சுவரில் இருக்கும் நிழலிலா? கேமரா அசையாது. 'இங்கே பார்' என்று க்ளோஸ்-அப் வைத்துக் காட்டாது. நீங்கள்தான் தேட வேண்டும். முழு ஃப்ரேமையும், பரீட்சையில் கேள்வித்தாளைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே அலசுவீர்கள். கடைசியில் நடப்பது என்ன தெரியுமா? கதவு ஒரு சாண் அளவுக்கு நகரும். தானாகத் திரும்பி வரும். நம்ம ஹாஸ்டலில் காத்தடிச்சா தினம் நடக்கிற சமாச்சாரம். ஆனால் தொண்டை வறண்டு போகும்.

என் ரூம்மேட்டின் பத்து செகண்ட் இதுதான். லைட் அணைந்ததும் அவன் தேட ஆரம்பித்துவிட்டான். பேய் வந்து நின்றதும் தேடுகிற வேலை முடிந்துவிட்டது, அதான் நிம்மதி. அதற்கு அப்புறம் அவன் பார்த்தது பவுடரையும் விக்கையும்தான்.

இந்த வேலையை ஒருத்தர் 1963-லேயே பகல் வெளிச்சத்தில் செய்து காட்டியிருக்கிறார். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்'. ஹீரோயின் டிப்பி ஹெட்ரன் ஸ்கூலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறார். உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கின்றன. அவருக்குப் பின்னால் பிள்ளைகள் ஏறி விளையாடுகிற கம்பிக்கூண்டு. அதில் ஒரு காக்கா வந்து உட்காருகிறது. கட். அவர் முகம். மறுபடி காட்டும்போது ஐந்தாறு. மறுபடி அவர் முகம், இந்த முறை ரொம்ப நேரம். பிள்ளைகளின் பாட்டு முடிகிற பாடாக இல்லை. நமக்கு மட்டும் தெரியும் பின்னால் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று, அவருக்குத் தெரியாது. கடைசியில் ஆகாயத்தில் போகிற ஒரு காக்காவைப் பார்த்து அவர் கண் அதன் கூடவே போய்த் திரும்பும்போது, கம்பியே தெரியாத அளவுக்குக் காக்கா.

கவனிச்சீங்களா, இதில் பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. நம்ம மொட்டை மாடிக்கு வந்து வடகத்தைக் கொத்திக்கொண்டு போகிற அதே ஜீவன். அந்தப் படத்தில் வழக்கமான பின்னணி இசையும் கிடையாது. பறவைச் சத்தங்களையே எலெக்ட்ரானிக் கருவி வைத்து உருவாக்கிச் சேர்த்தார்கள். 'இப்ப பயப்படு' என்று சொல்ல ஒரு வயலின்கூட இல்லாததால், எப்போது பயப்பட வேண்டும் என்பதையும் நாமேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

'டமால்' கேஸ்

அப்போ திடீர்னு முகத்துக்கு முன்னாடி வந்து 'டமால்'னு ஒரு சத்தம் கொடுத்து நம்மைத் தூக்கிப் போடுகிறார்களே, அது? அதுவும் பழைய டெக்னிக்தான். 1942-ல் வந்த 'கேட் பீப்பிள்' படம். தயாரிப்பாளர் வால் லூட்டன், டைரக்டர் ஜாக் டர்னர். கையில் காசு குறைவு. ராத்திரி, ஆள் இல்லாத ரோட்டில் ஒரு பொண்ணு தனியாக நடக்கிறாள். அவள் செருப்புச் சத்தம். பின்னால் இன்னொரு செருப்புச் சத்தம். சட்டென்று பின்னால் வந்த சத்தம் நின்றுவிடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள்... 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல்! மிருகமா? இல்லை. பக்கத்தில் வந்து நின்ற பஸ்ஸின் பிரேக். இன்றைக்கும் இப்படிப் போலியாகத் தூக்கிப் போடுகிற காட்சிக்கு சினிமாக்காரர்கள் 'லூட்டன் பஸ்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஸீனில் பஸ் வருவது ஒரு செகண்ட். அதற்கு முன்னால் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாம் நடக்கிற தூரம்தான் அதன் பலம். நம்ம ஆட்கள் நிறையப் பேர் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு ரோட்டை விட்டுவிட்டார்கள். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ்! சத்தம் கேட்டால் உடம்பு துள்ளுவது நம்ம கையில் இல்லை, அது அனிச்சைச் செயல். தீபாவளிக்கு முதல் அணுகுண்டுக்குத் துள்ளுவோம், இருபதாவதுக்கு தலையைக்கூடத் திருப்ப மாட்டோம், இல்லையா? திரும்பத் திரும்ப வந்தால் உடம்பு பழகிவிடும். அதனால்தான் அந்த மாதிரிப் படங்களில் இன்டர்வெலுக்கு அப்புறம் பி.ஜி.எம். வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். படம் முடிந்து பைக்கை எடுக்கும்போது காது வலிக்கும். பயம் தியேட்டரிலேயே தங்கிவிடும்.

சத்தம் என்றதும் 'ஜாஸ்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1975, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். இதற்காகச் செய்த இயந்திரச் சுறா, கடலின் உப்புத் தண்ணீரில் இறக்கினால் ரிப்பேர், ரிப்பேர், ரிப்பேர். (மெக்கானிக்கல் நண்பர்களே, ப்ராஜெக்ட் ரிவ்யூ அன்னிக்கு மட்டும் ஓடாத மெஷின் உங்களுக்கு மட்டும் வாய்க்கலை.) வேறு வழி இல்லாமல் சுறாவைக் காட்டாமலேயே ஸீன்களை எடுத்தார்கள். படம் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சுறாவை நாம் ஒழுங்காகப் பார்க்க. அதற்குப் பதிலாக ஜான் வில்லியம்ஸ் போட்ட இசை. ரெண்டே ரெண்டு ஸ்வரம், மாறி மாறி, வேகம் கூடிக்கொண்டே வரும்.

அது எல்லோருக்கும் தெரியும். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வாயைப் பிளந்தது வேறு இடத்தில். ரெண்டு சின்னப் பசங்க அட்டையில் சுறாவின் துடுப்பு செய்து தண்ணீருக்குள் நீந்தி ஊரையே அலற விடுவார்கள். அந்த ஸீனில் அந்த இசை வராது! நிஜச் சுறாவுக்குத்தான் இசை, டூப்ளிகேட்டுக்குக் கிடையாது. படம் நமக்குத் தெரியாமலேயே ஒரு ஒப்பந்தம் போடுகிறது. இசை வந்தால் ஆபத்து, வராவிட்டால் சேஃப். அதை நாம் நம்பி ரிலாக்ஸ் ஆன பிறகு ஒரு நாள், போலீஸ் அதிகாரி படகில் இருந்து கடுப்போடு கடலில் மீனுக்கு இரையை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, இசையே இல்லாமல் சுறா தலையைத் தூக்குகிறது. ஒப்பந்தம் கேன்சல். அதற்கு மேல் எந்த அமைதியையும் நீங்கள் நம்ப முடியாது.

இந்த இடத்தில் நம்ம டிபார்ட்மென்ட் சம்பந்தப்பட்ட ஒரு கிளைக்கதை. இங்கிலாந்தில் விக் டேண்டி என்று ஒரு இன்ஜினீயர். அவர் வேலை பார்த்த லேபில் பேய் இருப்பதாகப் பேச்சு. அவருக்கும் காரணம் இல்லாமல் வியர்க்கும், ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஏதோ நிற்கிற மாதிரித் தெரியும். மனிதர் வாள்சண்டை விளையாட்டு விளையாடுகிறவர். ஒரு நாள் தன் வாளை ரிப்பேர் செய்ய வைஸில் மாட்டி வைத்தால், அது தானாக அதிர்கிறது. ஓடிப்போகாமல் கணக்குப் போட்டார். புதிதாக மாட்டிய எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன், சுமார் 19 ஹெர்ட்ஸில் அதிர்வை உண்டாக்கியிருக்கிறது. நம் காது கேட்பது 20 ஹெர்ட்ஸில் இருந்துதான், அதனால் சத்தமாகக் கேட்காது. ஃபேனைச் சரிசெய்ததும் பேயும் காலி. 1998-ல் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார். இதை வைத்து உலகத்தில் இருக்கிற எல்லாப் பேயும் எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன்தான் என்று சொல்லிவிட முடியாது, அதற்கு அப்புறம் செய்த சோதனைகள் எல்லாம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆனால் அந்த லேபுக்குள் அவர் கழித்த சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். 'ஏதோ சரியில்லை' என்று உடம்புக்குத் தெரிகிறது, என்ன என்று மூளைக்குத் தெரியவில்லை. நல்ல பேய்ப் படம் நம்மை ரெண்டு மணி நேரம் உட்கார வைப்பது அந்த நாற்காலியில்தான்.

பால் திரிஞ்சு போச்சு!

எல்லாம் இங்கிலீஷ் படமாகவே சொல்கிறேனே என்று முறைக்காதீங்க. நம்ம ஊரில் இதை அச்சு அசலாகச் செய்த படம், விக்ரம் கே.குமார் இயக்கிய 'யாவரும் நலம்'. 2009. மாதவன் ஹீரோ, கேமரா பி.சி.ஸ்ரீராம். இதே படம் இந்தியில் '13பி'.

கூட்டுக்குடும்பம் ஒன்று புது அபார்ட்மென்டுக்குக் குடிவருகிறது. பாழடைந்த பங்களா இல்லை, ஆந்தை இல்லை, வாட்ச்மேன் தாத்தா எச்சரிக்கை இல்லை. லோன் போட்டு வாங்கிய பளிச் வீடு. அங்கே என்ன நடக்கிறது? பால் திரிகிறது. லிஃப்ட்டில் எல்லோரும் போகிறார்கள், ஹீரோ தனியாக ஏறினால் மட்டும் வேலை செய்வதில்லை. பூஜை ரூம் சுவரில் சாமி படம் மாட்ட ஆணி இறங்க மாட்டேன் என்கிறது. பார்வை இல்லாத பக்கத்து வீட்டுக்காரரின் நாய் வாசலைத் தாண்டி உள்ளே வர மறுக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பால் திரிந்தால் பாக்கெட் சரியில்லை. லிஃப்ட் என்றால் மெயின்டெனன்ஸ். ஆணி இறங்கவில்லை என்றால் சுவருக்குள் கான்கிரீட். எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. எல்லாம் ஒரே வீட்டில் நடப்பதற்குத்தான் பதில் இல்லை.

இதில் டைரக்டரின் கெட்டிக்காரத்தனம், எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது. புது வீடு என்றால் நம்ம வீட்டில் முதலில் என்ன செய்வார்கள்? பால் காய்ச்சுவார்கள். அடுத்து, சாமி படம் மாட்டுவார்கள். ரெண்டிலும் கையை வைத்துவிட்டார். சிலுவையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு நம்மைப் பயமுறுத்த முடியாது. அடுப்பில் பால் திரிந்தால் என் பாட்டி அன்னிக்கு முழுக்கச் சரியாகச் சாப்பிட மாட்டார்.

அதோடு விட்டாரா? மத்தியானம் 1 மணிக்கு வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பார்க்கிற சீரியல். அதில் வருகிற குடும்பத்துக்கு என்ன நடக்கிறதோ அது இந்த வீட்டிலும் நடக்கிறது. முதலில் நல்ல செய்திகளாக நடக்கும். ஹீரோ மட்டும் அதைக் கண்டுபிடித்துவிட்டு, அடுத்த எபிசோடுக்காகக் காத்திருப்பான் பாருங்கள்... சீரியல் பார்க்கிற அம்மாக்களைக் கிண்டல் செய்தே வளர்ந்த நாம், ஒரு சீரியலின் டைட்டில் சாங்கைக் கேட்டு நடுங்கினோம். படம் பார்த்துவிட்டு வந்த பிறகு எங்க வீட்டில் மத்தியானம் டி.வி. ஓடினால் நான் கிச்சனுக்குப் போய்விடுவேன். அங்கே பால் இருக்கும். எங்கேதான் போவது?

அதற்கு அப்புறம் 2011-ல் 'காஞ்சனா' ஹிட் ஆனதும் நம்ம பேய்கள் எல்லாம் காமெடி டிராக்குக்கு மாறிவிட்டன. எனக்கு அதிலும் சந்தோஷம்தான், குடும்பத்தோடு கத்திச் சிரித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது வேற டிபார்ட்மென்ட். நடுவில் 2012-ல் கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா', ஒரு டார்ச் லைட்டையும் விஜய் சேதுபதியையும் ஒரு பங்களாவுக்குள் அனுப்பிப் பழைய வேலையை ஞாபகப்படுத்தியது. டார்ச் எங்கே விழுகிறதோ அங்கே வெளிச்சம், மிச்சம் எல்லாம் நம் பொறுப்பு.

அந்தப் பொண்ணு யாரு?

இவ்வளவும் நோட்டில் எழுதிக்கொண்டு காலேஜ் திறந்ததும் எங்க 'பேயை' போய்ப் பார்த்தேன். அதான், வெள்ளைப் புடவை கட்டின கிளாஸ்மேட். "ஸாரி, என்னால உன்னை எல்லாரும் கலாய்ச்சுட்டாங்க" என்றேன். "அது பரவாயில்லை விடு. எனக்கு ஒரு டவுட். நான் பேயா நடிச்சேன். சரி, நான் யாரோட பேய்? எதுக்கு அந்த காரிடார்ல நின்னேன்? அந்தப் பையன் யாரு, அவன் செத்தா யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டாள். மூணு கேள்விக்கும் டைரக்டரிடம் பதில் இல்லை.

அவள்தான் 'பூதகாலம்' பார்க்கச் சொன்னாள். 2022-ல் வந்த மலையாளப் படம். பிற்பாடு 2024-ல் மம்மூட்டியை வைத்துக் கறுப்பு வெள்ளையில் 'பிரமயுகம்' எடுத்தாரே, அதே ராகுல் சதாசிவன் இயக்கியது. அம்மாவாக நம்ம ரேவதி, மகனாக ஷேன் நிகம். அம்மாவுக்கு மனச்சோர்வு நோய். மகன் பார்மசி டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் கிடக்கிறான். ஆரம்பத்தில் பாட்டி இறந்துபோகிறார். அப்புறம் படத்தின் பெரும்பகுதிக்கு என்ன நடக்கிறது என்றால், ஒரு வீட்டுக்குள் ரெண்டு பேர் ஒழுங்காகப் பேசிக்கொள்வதில்லை. அவ்வளவுதான். மகனுக்குச் சத்தங்கள் கேட்கின்றன. அவன் சொன்னால் யாரும் நம்புவதில்லை, இவனுக்குத்தான் ஏதோ கோளாறு என்கிறார்கள். அம்மாவே அவனைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.

எனக்கு அந்த வீட்டில் பேய் வருவதைவிட, சாப்பாட்டு மேஜையில் அம்மாவும் மகனும் எதிரெதிரே உட்காருவது பயமாக இருந்தது. வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிற பையனுக்கு அந்த மேஜை எப்படி இருக்கும் என்று ஃபைனல் இயர் சீனியர்களைக் கேட்டுப் பாருங்க. பேய் அந்த வீட்டுக்குள் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இருந்த விரிசலில் விரலை விட்டு அகலமாக்குகிறது. அதனால்தான் கடைசியில் நாம் வேண்டுவது 'பேய் ஒழியணும்' என்று இல்லை. 'அம்மா அவனை நம்பிடணும்' என்று.

'எ கொயட் ப்ளேஸ்' (2018) படத்தில் ஒரு ஆணி வருமே, ஞாபகம் இருக்கா? சத்தம் போட்டால் செத்தோம் என்கிற உலகம். நிறைமாத கர்ப்பிணி அம்மா மாடிப்படியில் துணி மூட்டையை இழுத்துக்கொண்டு ஏறும்போது, மூட்டை சிக்கி ஒரு ஆணி படியில் செங்குத்தாக நிமிர்ந்துவிடுகிறது. அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதற்கு அப்புறம் அந்தக் குடும்பத்தில் யார் படியில் இறங்கினாலும் தியேட்டரே காலை மடக்கிக்கொள்கிறது. அதே ஆணியை முகம் தெரியாத ஒரு வில்லன் மிதித்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. இவர்கள் மிதித்தால் நம் உள்ளங்கால் கூசுகிறது. ஆணி ஒன்றுதான் பாஸ். கால்தான் வேற.

ராத்திரி 2.40

'யாரோட பேய்?' என்ற கேள்வியோடு இன்னொரு படம் எடுப்பது என்று முடிவானது. எனக்கு நிஜமாகவே எது பயம் என்று எல்லோரும் சொல்ல வேண்டும், பொய் சொல்லக் கூடாது என்று ரூல். ஒருத்தன் பல்லி என்றான். ஒருத்தன் அரியர் என்றான். என் முறை வந்தபோது, முதல்முறையாக அதைச் சொன்னேன்.

ஃபர்ஸ்ட் இயரில் ஒரு நாள் ராத்திரி 2.40-க்கு என் போன் அடித்தது. அப்பா. எடுத்ததும், "ஒண்ணுமில்லடா, கிளம்பி வா" என்றார். நம்ம வீடுகளில் ராத்திரி 2.40-க்கு 'ஒண்ணுமில்லை' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். தாத்தா. பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அன்றையிலிருந்து ராத்திரி காரிடாரில் எவன் போன் அடித்தாலும் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ புரளும். என்னுடையதா என்று பார்ப்பேன். இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி. அடுத்த செகண்டே, அப்போ அது யார் வீட்டுக்கு என்று தோன்றும்.

ரூம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் பல்லி என்று சொன்னவன், "எனக்கும்தான்டா" என்றான்.

அதுதான் படம். ஐந்து நிமிஷம், ஒரே ஒரு நடிகன். ராத்திரி 2.40. காரிடாரில் எங்கேயோ போன் அடிக்கிறது. ஒருத்தன் எழுந்து தன் போனைப் பார்க்கிறான், அது இல்லை. வெளியே வருகிறான். சத்தம் கடைசி ரூமில் இருந்து. அந்த ரூம் பையன் ஊருக்குப் போயிருக்கிறான், வெளியே பூட்டு தொங்குகிறது. போனை மறந்துவிட்டுப் போயிருப்பான் போல. அடித்து ஓய்கிறது. திரும்பி நடக்கிறான். மறுபடி அடிக்கிறது. கதவுக்கு அடியில் நீல வெளிச்சம் தெரிகிறது. அவன் குனிந்து பார்க்கிறான். ரிங் பாதியில் நிற்கிறது, யாரோ எடுத்த மாதிரி. கட்.

உள்ளே இருந்து 'ஹலோ' என்று ஒரு குரல் வரணுமா வேண்டாமா என்று ரெண்டு நாள் சண்டை. ரெக்கார்டுகூட செய்தோம். எங்க பழைய பேய்தான் ஹெட்போனில் கேட்டுவிட்டு, "இது விக் மாதிரி இருக்கு, எடுத்துரு" என்றாள். எடுத்துவிட்டோம்.

பி.ஜி.எம். சுத்தமாகப் போடவில்லை. அதில்தான் ஒரு பாடம் கிடைத்தது. அமைதி வேண்டும் என்று எடிட்டிங்கில் ஆடியோவை முழுசாக மியூட் செய்தால், பயம் வரவில்லை, ஃபைல் கெட்டுப்போன மாதிரி இருந்தது! நிஜமான ராத்திரிக்குச் சத்தம் உண்டு. போனைத் தலையணை மேல் வைத்துவிட்டு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காரிடாரை அரை மணி நேரம் ரெக்கார்டு செய்தோம். 'டொக்... டொக்' என்று ஒரு ஃபேன். பாத்ரூமில் சொட்டுகிற குழாய். தூரத்தில் ஹைவேயில் போகிற லாரி. இது எல்லாவற்றையும் அடியில் ஓடவிட்டு, கடைசி ரிங் நிற்கும் இடத்தில் குழாய்ச் சத்தத்தை மட்டும் நிறுத்தினோம். எதற்கு என்று கேட்காதீங்க, எங்களுக்கே தெரியாது. ஆனால் கேட்ட எல்லோரும் அந்த இடத்தில் தலையைத் தூக்கினார்கள்.

ஆடிட்டோரியம் கேட்க தைரியம் இல்லை. போன மாசம் ஹாஸ்டல் மெஸ்ஸில், டேபிள்களை ஓரம் தள்ளிவிட்டு, சுவரிலேயே புரொஜெக்டர் அடித்துப் போட்டோம். ஐம்பது அறுபது பேர் இருக்கும். முதல் ஒரு நிமிஷம் கலாய் சத்தம், "பேய் எப்படா வரும், விக் எங்கடா" என்று. போன் ரெண்டாவது முறை அடித்தபோது குறைந்தது. மூணாவது முறை அடித்தபோது, மெஸ்ஸில் ஓடுகிற ஃபேன் எது, படத்தில் ஓடுகிற ஃபேன் எது என்று எனக்கே குழம்பிவிட்டது. என் பக்கத்தில் இருந்த ஜூனியர் ஒருத்தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. ரெண்டு பேர் "ஒண்ணுமே நடக்கலையேடா" என்றார்கள், அதில் ஒருத்தன் அன்று விக் நழுவுது என்று கத்தியவன். ரூமுக்குப் போகும்போது கடைசி ரூம் இருக்கிற பக்கமாகப் போகாமல் அவன் சுற்றிக்கொண்டு போனதை என் ரூம்மேட் பார்த்திருக்கிறான்.

அன்றைக்கு ராத்திரி எங்க காரிடாரில் ஒரு போன்கூட அடிக்கவில்லை. எல்லாமே சைலன்ட்டில். காலையில் பார்த்தால் அம்மாவிடமிருந்து ஆறு மிஸ்டு கால். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அடித்துப் பிடித்துக் கூப்பிட்டால், "ஏன்டா போன எடுக்கலை? சனிக்கிழமை வர்றப்ப அந்த எவர்சில்வர் டப்பாவை மறக்காம எடுத்துட்டு வா!"